சனிக்கிழமை வராத மெயில்

மட்டாஞ்சேரி
8 ஜூலை 2002

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூன்று பேரும் சுகம். மழை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. நீயும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் இன்லண்டு லெட்டர் எழுதுகிறானே என்று ஆபீசில் சிரிக்கிறார்கள். அக்கா சங்கரன்கோவில் தபாலாபீசில் கிளார்க், போன் செய்தால் கோபித்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டேன். பொய்யா?

இங்கே தலைவலி ஒன்று வந்திருக்கிறது. கம்பெனிக்கு வர வேண்டிய மெயில் சில வருவதில்லை. ஹாம்பர்க்கில் எங்களிடம் மிளகு வாங்குகிறவன், மூன்று மெயில் போட்டேன், ஏன் பதில் இல்லை என்று முதலாளிக்குப் போன் செய்து கத்தியிருக்கிறான். மூன்றில் ஒன்றுதான் எங்களுக்கு வந்தது. முதலாளி வெங்கிடராமனை இங்கே எல்லாரும் சாமி என்றுதான் சொல்வோம். சாமி என்னைக் கூப்பிட்டு, "ஏண்டா, நீதானே இந்த சர்வரை வெச்சே? லெட்டர் வரது நின்னுட்டா நான் கடையைப் பூட்டிண்டு போறதா?" என்றார்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எங்கள் மெயில் எல்லாம் முதலில் சென்னையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில், நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கிற பெட்டி ஒன்றில் விழும். எங்கள் சர்வர் பத்து மணி, ஒரு மணி, நாலு மணிக்கு டெலிபோன் வழியாக டயல் செய்து அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளதை அள்ளிக்கொண்டு வரும். அள்ளியதும் அங்கே காலி. வந்ததை எங்கள் ஆபீஸ் கிளார்க் ரஜிதா சேச்சி ஒவ்வொன்றாகப் பிரிண்ட் எடுத்து, இன்வர்டு ரெஜிஸ்டரில் நம்பர் போட்டு, சாமியின் மேஜையில் வைப்பார். சாமி திரையில் எதையும் படிக்க மாட்டார். காகிதமாக வந்து நம்பர் விழுந்தால்தான் அவருக்கு அது கடிதம்.

ரஜிதா சேச்சி என்னைவிட ஏழு வயது மூத்தவர், சுள்ளிக்கல்லில் வீடு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிளகுத் தூசியில் தும்மித் தும்மி அழுதபோது, "மூணு மாசம் தும்மும். அப்புறம் மூக்கு செத்துப்போகும், பயப்படாதே" என்று தைரியம் சொன்ன ஆள்.

மோடத்தை மாற்றினேன். ஹார்டு டிஸ்க்கில் இடம் இருக்கிறது. சென்னைக்காரன் எங்கள் பக்கம் சரி என்கிறான். நானே நூறு டெஸ்ட் மெயில் அனுப்பினேன், நூறும் வந்தது. இரண்டு நாளில் பிடித்துவிடுவேன்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.
தம்பி முத்துவேல்


சங்கரன்கோவில்
15 ஜூலை 2002

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். உங்களுக்கு மழை அதிகம், எங்களுக்கு ஒரு சொட்டுக் கிடையாது. பாதி மழையை இங்கே அனுப்பினால் தபால் கூலி கேட்க மாட்டோம். மச்சான் தறிக்குப் போய் வருகிறார், தூசியில் இருமல். உனக்கு மிளகு, அவருக்குப் பஞ்சு. அம்மாவுக்குத் தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வராவிட்டால் எனக்கு எழுது, எங்கள் துறையைத் திட்டாதே.

போன் செய்தால் நான் கோபிப்பேன் என்றா சொன்னாய்? எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

நீ சொன்ன பெட்டி விஷயம் நன்றாகவே புரிந்தது. எங்கள் ஆபீஸ் சுவரில் அப்படி நாற்பது பெட்டி இருக்கிறது. ரஜிதா என்ன சொல்கிறார்? தினமும் கையில் எடுக்கிறவர் அவர்தானே, அவருக்கு ஏதாவது தோன்றியிருக்கும். கேட்டாயா?

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா சங்கரி


மட்டாஞ்சேரி
29 ஜூலை 2002

அன்புள்ள அக்கா,

தைலம் வந்தது, அம்மா தேய்க்கிறாள். எல்லாரும் சுகம்.

இரண்டு நாள் என்று சொன்னது மூன்று வாரமாகிவிட்டது. ஆனால் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வாங்குகிறவர்கள் எல்லாரிடமும், எங்களுக்கு அனுப்பிப் பதில் வராத மெயில் எது எது, என்றைக்கு அனுப்பியது என்று எழுதி வாங்கினேன். பதினேழு தேறியது. பதினேழும் அவர்கள் ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பியவை. நமக்கு அது வெள்ளிக்கிழமை ராத்திரி, எங்கள் சர்வர் போய் அள்ளுவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை.

சனிக்கிழமை ஆபீசில் ரஜிதா மட்டும்தான். எனக்கு லீவு. சாமி எர்ணாகுளம் வீட்டில் இருப்பார். தனக்கும் சனிக்கிழமை லீவு வேண்டும், குழந்தை சின்னது என்று மே மாதம் ரஜிதா கேட்டிருக்கிறார். சாமி முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த ஆத்திரம் இருக்கும். சர்வர் தானே எழுதி வைக்கிற குறிப்பு, அந்த லாகில் சனிக்கிழமை பத்து மணிக்குப் பார், "புதிய மெயில் இல்லை" என்றே இருக்கிறது. அப்படியென்றால் பத்து மணிக்கு முன்பே யாரோ பெட்டியைத் திறந்து எடுத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். அது தெரிந்தவர்கள் மூன்று பேர்: நான், சாமி, ரஜிதா. நான் எடுக்கவில்லை. சாமிக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. மிச்சம் யார்?

நீ கேட்கச் சொன்னாய் என்று கேட்டேன். "வந்தா நான் நம்பர் போடுவேன். வராததுக்கு நான் எப்படி நம்பர் போடுவேன், முத்து?" என்றார். இது ஒரு பதிலா?

சாமியிடம் இன்னும் சொல்லவில்லை. காரணம் யாராக இருந்தாலும் அன்றைக்கே வெளியே என்று அவர் சொல்லியாகிவிட்டது. ரஜிதாவின் புருஷன் பினு பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு வேலைக்குப் போவதில்லை. இந்த வேலையில்தான் அந்த வீடு நடக்கிறது. தெரியும். அதற்காக லாக் பொய் சொல்லாது.

மச்சானின் இருமல் குறைந்ததா?
முத்துவேல்


மட்டாஞ்சேரி
14 ஆகஸ்ட் 2002

அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

மெயில் பிரச்சினை தீர்ந்தது. ரஜிதா வேலையை விட்டுவிட்டார். மஞ்சுஷா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், பிளஸ் டூ முடித்தவள், பிரிண்டர் காகிதத்தைத் தலைகீழாக வைக்கிறாள். கடவுச்சொல்லை மாற்றி நானே போட்டுவிட்டேன். இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த வாரம் ஓணம். அப்பாவுக்கு லீவு இல்லை. திருவிழா என்றால் கார்ப்பரேஷன்காரனுக்கு இரட்டை வேலை.

முத்துவேல்


சங்கரன்கோவில்
22 ஆகஸ்ட் 2002

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். மச்சானுக்கு இருமல் நின்றுவிட்டது. இப்போது வாய் நிற்பதில்லை, ஓணத்துக்கு என் மச்சினன் நேந்திரங்காய் வறுவல் அனுப்புவான் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இதுவரை வந்ததில்லை. ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது யாராவது தானாக வேலையை விடுவார்களா? விட்டாரா, விடவைத்தார்களா? முதல் கடிதத்தில் ரஜிதா சேச்சி என்று எழுதினாய். அப்புறம் வெறும் ரஜிதா ஆகிவிட்டார். எனக்கென்ன, படிக்கிறவள் கண்ணில் பட்டது, கேட்டேன்.

கடவுச்சொல்லை மாற்றினாய் சரி. மெயில் வருகிறதா? அதைத்தான் எழுதவே இல்லை.

அக்கா


மட்டாஞ்சேரி
10 செப்டம்பர் 2002

அக்கா,

எல்லாரும் சுகம். வறுவல் தனிப் பார்சலில் வருகிறது, மச்சானிடம் சொல்.

வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. கடவுச்சொல் மாற்றிய பிறகு ஒரு சனிக்கிழமை மெயில் வந்தது. அப்புறம் பழைய கதைதான். ஓணத்தை ஒட்டிப் பத்து நாள் எல்லா நாளிலும் குறைந்தது. ஐரோப்பாவில் அது லீவுக் காலம், அதனால் இருக்கும். பார்க்கிறேன்.

நீ கேட்டதற்கு: விடவைத்தார்கள்.

முத்துவேல்


சங்கரன்கோவில்
17 செப்டம்பர் 2002

அன்புத் தம்பிக்கு,

நலம். வறுவல் வந்தது, பாதி தறிக்காரர்கள் தின்றுவிட்டார்கள்.

கார்டில் நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். ரஜிதா போய் ஒரு மாதம் ஆகிறது. இப்போதும் மெயில் போகிறது. அப்படித்தானே?

எங்கள் ஆபீசில் இருபத்து மூன்றாம் நம்பர் பெட்டி ஓர் அரிசி ஆலைக்காரர்களுடையது. சுப்புராஜ் என்று ஒருவர் தினமும் வந்து திறப்பார். ஒரு தடவை அவருக்கு வந்த செக் கடிதம் இல்லை என்று கூச்சல். பெட்டியில் கையால் போடுகிறவள் நான். பிடித்தது என்னைத்தான். எட்டு நாள் எழுதிக் கொடு, எழுதிக் கொடு என்று உயிரை எடுத்தார்கள். கடைசியில் பார்த்தால், அவருடைய அண்ணன் பூட்டுக்கடையில் இன்னொரு சாவி அடித்து வைத்திருக்கிறார். காலையில் நடக்கப் போகும்போது அவரே எடுத்துக்கொண்டு போய் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். திருடவில்லை. தம்பிக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று எடுத்தாராம்.

கடவுச்சொல் தெரிந்தவர்கள் மூன்று பேர் என்று ஆளை எண்ணினாய். சாவி எத்தனை என்று எண்ணினாயா? கம்ப்யூட்டரில் அப்படி உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


சங்கரன்கோவில்
21 அக்டோபர் 2002

தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடம்புக்கு ஏதாவதா? அம்மாவிடம் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறான், சோறு மட்டும் மிச்சம் வைக்கிறான் என்கிறாள். ரஜிதா எப்படி இருக்கிறார்?

பதில் போடு.
அக்கா


மட்டாஞ்சேரி
2 நவம்பர் 2002

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் சுகம். நீயும் மச்சானும் சுகம்தானே.

செப்டம்பரில் நீ போட்ட கடிதத்தைப் படகுத்துறை அருகே சாயாக்கடையில் நின்று படித்தேன். சாவி என்ற இடம் வந்ததும் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எர்ணாகுளம் படகில் ஏறிவிட்டேன்.

ஜூன் மாதம் சாமி என்னைத் தன் எர்ணாகுளம் வீட்டுக்கு அனுப்பினார். மகன் அனூப் திருச்சூரில் எம்.பி.ஏ. படிக்கிறான், வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வருவான். வியாபாரம் பழகட்டும், ஆபீஸ் மெயிலை அவனும் பார்க்கிற மாதிரி செய்து கொடு என்றார். அவனுடைய கம்ப்யூட்டரில் எங்கள் பெட்டியைத் திறக்க வைத்தேன். கடவுச்சொல்லை அடித்துக் கொடுத்தது நான். அது அந்த மெஷினுக்குள்ளேயே இருக்கும், அனூப்புக்குச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. சர்வரில் ஒரு நகலை விட்டுவை என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு, அதில் டிக் போட வேண்டும். நாலரை மணிப் படகுக்கு நேரமாகிவிட்டது. போடாமல் வந்துவிட்டேன். ஆகஸ்டில் கடவுச்சொல்லை மாற்றியதும் அந்த மெஷின் திறக்கவில்லை. அனூப் போன் செய்தான், போனிலேயே புதியதைச் சொல்லி அடிக்க வைத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவனுக்கு வேலை செய்கிறதா என்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை அவன் கம்ப்யூட்டரைப் போட்டதும் பெட்டியில் உள்ளதெல்லாம் அங்கே போய்விடும். பத்து மணிக்கு எங்கள் சர்வர் போனால் காலி. ஓணம் லீவுக்கு அவன் பத்து நாள் வீட்டில் இருந்தான்.

நான் போன அன்று சனிக்கிழமை, அனூப் வீட்டில் இருந்தான். அவன் கம்ப்யூட்டரில் அழித்த மெயில் விழும் குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தேன், இருநூற்றுப் பதினான்கு மெயில். ஹாம்பர்க்காரனுடைய இரண்டும் இருந்தன. அனூப்பைக் கேட்டேன். "நீதானே சொன்னே, ஆபீஸ்ல இருக்கறதெல்லாம் இங்கேயும் தெரியும்னு? படிச்சுட்டு அழிச்சேன். அங்கே ஒண்ணு இருக்குமேன்னு நெனச்சேன்" என்றான். அவன் மேல் தப்பு இல்லை.

அங்கேயே டிக் போட்டேன். அடுத்த சனிக்கிழமை பதினொரு மெயில் வந்தது. சாமி என் முதுகில் தட்டினார். அன்றிலிருந்து ஐந்து சனிக்கிழமை போய்விட்டது. ஒவ்வொரு திங்களும் இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போகிறேன். மஞ்சுஷா சனிக்கிழமைக் காகிதக்கட்டைச் சாமியின் மேஜையில் வைப்பாள், அவர் அதைத் தடவிப் பார்த்துச் சிரிப்பார். நான் என் இடத்துக்குத் திரும்பிவிடுவேன்.

இன்னொன்று. ரஜிதா சேச்சியை நிறுத்திய அன்று, வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு மெயில் போனது. உங்கள் கடிதங்களை மறைத்த ஊழியர் ரஜிதா நீக்கப்பட்டார், இனி தாமதம் இராது என்று. இங்கே பஜார் ரோட்டில் உள்ள கம்பெனிகள், தரகர்கள் உட்பட அறுபத்தொரு முகவரி. சாமி தமிழில் சொன்னார். இங்கிலீஷில் எழுதி அனுப்பியது நான். பெயரைப் போட வேண்டும் என்று சொன்னதும் நான்தான். பெயர் இருந்தால் நம்புவார்கள் என்றேன்.

என்ன செய்வது என்று எழுது.
முத்துவேல்


சங்கரன்கோவில்
9 நவம்பர் 2002

முத்துவேலுக்கு,

நாங்கள் சுகம்.

எல்லாவற்றையும் எழுதினேன் என்று நினைத்திருப்பாய். நீ எழுதாத ஒன்று எனக்கு இரண்டு மாதமாகத் தெரியும். செப்டம்பரில் ரஜிதா நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். குடையை மடக்காமல் வாசலில் நின்று, முத்து இருக்கிறானா, ஒன்று கேட்க வேண்டும் என்றிருக்கிறார். நீ அடுக்களையில் நின்றுகொண்டு, இல்லை என்று அப்பாவைச் சொல்லச் சொன்னாய். அப்பா அன்றைக்கே பூத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். "மோளே, முப்பது வருஷம் இந்த ஊர்ச் சாக்கடை அள்ளியிருக்கேன், ஒருத்தருகிட்டயும் தலை குனிஞ்சதில்ல. இவன் என்னைப் பொய் சொல்ல வச்சிட்டான். அந்தப் பொண்ணு வாசல்ல கிடந்த இவன் செருப்பைப் பாத்துட்டே நின்னுச்சு" என்றார்.

நீயே எழுதுவாய் என்று காத்திருந்தேன். அதனால்தான் போன கடிதத்தில் ரஜிதா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறாய். எனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? நான் சாமியா, ரஜிதாவா?

அக்கா


மட்டாஞ்சேரி
25 நவம்பர் 2002

அக்கா,

எல்லாரும் சுகம். அப்பா என்னோடு பேசுகிறார், அளவாக.

செவ்வாய்க்கிழமை சாமியிடம் சொன்னேன். குப்பைக்கூடைப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்தேன். முழுவதும் படித்தார். "சரி, ஆச்சு போச்சு. இப்ப வருதோல்லியோ, விடு" என்றார்.

"ரஜிதா சேச்சி?" என்றேன்.

"அவளைப் பின்னாடி பாக்கலாம்."

"பின்னாடின்னா எப்ப?"

"எடா, முதலாளி புள்ளையே மெயிலை முழுங்கிட்டான்னு பஜார் பூரா சிரிக்கணுமா? அனூப் பேர் வெளியே வரப்படாது. நீ நல்ல வேலைக்காரன். வாயை மூடிண்டு வேலையைப் பாரு."

மறுநாள் சாயங்காலம் சுள்ளிக்கல் போனேன். ரஜிதா சேச்சி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். தோப்பும்படியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாராம், பத்து மணி நேரம் நின்றுகொண்டே. உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வேகமாகச் சொன்னேன். முடியும் வரை குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மலையாளத்தில் சொன்னதை ஒன்றும் விடாமல் தமிழில் எழுதுகிறேன்:

"இதை எதுக்கு என்கிட்ட வந்து சொல்றே? நான் எடுக்கலேன்னு எனக்கு ஆகஸ்ட்லயே தெரியும். நாலு கம்பெனியில வேலை கேட்டுப் போனேன். நாலு மேஜையிலும் உன் மெயில் இருந்துச்சு. கொச்சங்காடியில ஒருத்தர் அதை எடுத்து என் முன்னாலயே படிச்சார். தெரியாதவங்க அவங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். "பஸ் போயிடும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, ஆபீசில் எல்லாரும் இருக்கும்போது, அதே அறுபத்தொரு முகவரிக்கும் அனுப்பினேன். ஆகஸ்டில் வந்த கடிதம் தவறு. மெயில் காணாமல் போனதற்குக் காரணம், வேறொரு கம்ப்யூட்டரை நான் தவறாக அமைத்தது. ரஜிதா எதையும் மறைக்கவில்லை. அவர் மேல் பழி சொன்னவனும் நான். கீழே என் முழுப்பெயர். யாருடைய கம்ப்யூட்டர் என்று எழுதவில்லை. அதற்கு அவசியம் இல்லை, தப்பு அந்தக் கம்ப்யூட்டருடையது அல்ல. அனுப்பியதும் ஒரு பிரிண்ட் எடுத்துச் சாமியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நாளைலேர்ந்து வராதே" என்றார். சர்வருக்கு வேண்டியதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மஞ்சுஷாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். அவள் அழுதாள், பிரிண்டர் மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது என்று.

ஒரு மாதம் அங்கே வந்து உன்னோடு இருக்கட்டுமா? இங்கே தெருவில் இறங்கினால் தரகர்கள் எல்லாரும் தெரிந்த முகம்.

மச்சானுக்கு என் வணக்கம்.
முத்துவேல்


மட்டாஞ்சேரி
16 டிசம்பர் 2002

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சுகம். அம்மா பழையபடி மாடிப்படி ஏறுகிறாள். உனக்குச் சளி என்று எழுதியிருந்தாயே, சரியாயிற்றா?

வராதே, இப்போது வந்தால் ஓடி வந்ததாகத்தான் ஆகும் என்று நீ போட்ட கார்டு கிடைத்தது. எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை.

பத்து நாளாக வேலை கேட்டு அலைகிறேன். போகிற இடத்திலெல்லாம் பெயரைச் சொன்னதும், "அந்த மெயில் அனுப்பினவன் நீதானா?" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். ஒருவர் சாயா வாங்கிக் கொடுத்தார், வேலை கொடுக்கவில்லை. இன்னொருவர் கண்ணெதிரிலேயே கதவைச் சாத்தினார்.

போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் போனில் பினு கூப்பிட்டார். கொச்சங்காடிக் கம்பெனியிலிருந்து ரஜிதாவை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். போகலாமா வேண்டாமா என்று சேச்சி இன்னும் முடிவு செய்யவில்லையாம். சந்தோஷம் என்றேன். "அதுக்குக் கூப்பிடலை" என்றார். "நீ எழுதினது இங்கிலீஷ். என் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அடுத்த வீட்டுக்காரங்களுக்கும் தெரியாது. கம்பெனியில என்னத்தை எடுத்தான்னு ஆகஸ்ட்லேர்ந்து கேக்கறாங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து படி."

நேற்றுப் போனேன். முந்தின நாளே உட்கார்ந்து மலையாளத்தில் எழுதிக்கொண்டேன். எனக்குத் தமிழைவிட அது நன்றாக வரும். ஆனாலும் மூன்று காகிதம் கிழித்தேன். பினு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா படியில். எனக்கு நாற்காலி இல்லை. ரஜிதா சேச்சி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

படித்தேன். பினுவின் அம்மா காதில் கையை வைத்து, "கேட்டில்லா, ஒந்நுகூடி வாயிக்கு" என்றார், கேட்கவில்லை, இன்னொரு தடவை படி என்று. மறுபடி படித்தேன். பழி சொன்னவன் நான் என்ற வரியில் என் குரல் இறங்கிவிட்டது, எனக்கே தெரிந்தது. கிழவி பினுவைப் பார்த்தார். பினு என்னைப் பார்த்தார்.

"அங்கே கேக்கணும்" என்றார், மதிலைக் காட்டி.

ரஜிதா சேச்சி வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறினார். திரும்பவில்லை. நான் மதில் பக்கமாகத் திரும்பி நின்று, மூன்றாவது தடவை, முதல் வரியிலிருந்து படித்தேன். பாதியில் அடுத்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

நான் படித்துக்கொண்டே இருந்தேன்.

உன் தம்பி
முத்துவேல்